நாய் தின்ற மக்காச்சோளம்

20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கிராம் உலர் உணவு போதும். அந்தக் கணக்கில் 20 கிலோ மூட்டை ஒன்று கிட்டத்தட்ட இரண்டு மாதம் வரும். அந்த இரண்டு மாதமும் காலையிலும் மாலையிலும் நாயின் தட்டில் விழுவது அதே மூட்டையின் உருண்டைகள்தான். வீட்டு மனிதர்களின் சாப்பாடு அப்படி இல்லை. இட்லி, சோறு, குழம்பு, முட்டை, வாழைப்பழம், ஓட்டல் புரோட்டா என்று ஒரு வாரத்தில் நாம் சாப்பிடுபவை பல வயல்களிலிருந்தும் பல ஆலைகளிலிருந்தும் வந்து சேர்கின்றன. ஒன்றில் கேடு இருந்தாலும், மொத்தச் சாப்பாட்டில் அதன் பங்கு சிறியதாகவே இருக்கும். பாக்கெட் உணவிலேயே வளரும் நாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மூட்டை கெட்டிருந்தால் அறுபது நாளும் அது கெட்டதைத்தான் தின்னும்.

தென்காசி மாவட்டத்தின் புளியங்குடி போன்ற ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கவலைக்கே இடமில்லை. வடக்கே ராஜபாளையத்தின் வெள்ளை வேட்டைநாய்களும் சிப்பிப்பாறை நாய்களும் கூழிலும் சோற்றிலும் மிஞ்சிய கறியிலும் வளர்ந்தவை. இன்று எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பேர்போன இந்த ஊரின் தெருக்களிலும் லாப்ரடார்கள் கட்டிக் கிடக்கின்றன. குட்டி வாங்கிக் கொடுத்தவர் சொல்லியிருப்பார், பாக்கெட் சாப்பாடுதான் போட வேண்டும் என்று. போடுகிறார்கள். போட்டுவிட்டு, ஒருநாள் நாய் தட்டை முகர்ந்து பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டால், "அதுக்குள்ள என்னத்தப் போடுதானுவளோ, யாருக்குத் தெரியும்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு அறிவியல் தரும் விடை, நாயோடு நிற்காமல் நம் அடுப்படி வரைக்கும் வருகிறது.

உருண்டைக்குள் இருப்பவை பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பொருள்களே: மக்காச்சோளம், அரிசி, கோதுமை, சோயா, கோழி இறைச்சித் தூள், கொழுப்பு, வைட்டமின்களும் தாது உப்புகளும். இவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது மக்காச்சோளம். சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் காடுகளில் ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாசியில் ஒடிக்கிறார்களே, அதே பயிர். அதன்மேல் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை வளரும். மண்ணில் எங்கும் இருக்கும் பூஞ்சை இது. மணி பால்பிடிக்கும் காலத்தில் மழை பொய்த்துப் பயிர் வாடினால், செடியின் எதிர்ப்பு குறையும். புழு துளைத்த ஓட்டை வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். ஒடித்தபின் கதிர் சரியாகக் காயாமல் குவிந்து கிடந்தால் அங்கேயும் பெருகும். 25 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்கு உகந்தது. தென்காசி மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெப்பம்தான்.

இந்தப் பூஞ்சை சுரக்கும் நச்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென இறந்தன. காரணத்தைத் தேடிப் போனவர்கள், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். அப்படித்தான் இந்த நச்சு முதன்முதலில் பிடிபட்டது. நச்சைக் கண்டுபிடித்துக் கொடுத்தவை தீவனம் தின்ற பறவைகள்.

உடலுக்குள் போன அஃப்ளாடாக்சின் அந்த வடிவத்தில் பெரிய தீங்கு செய்வதில்லை. கல்லீரல் அதை வெளியேற்ற முயலும்போதுதான் விபரீதம் நடக்கிறது. கல்லீரலின் நொதிகள் அதை வேதிமாற்றம் செய்யும்போது, எதன்மேலும் ஒட்டிக்கொள்ளும் வேகமுள்ள ஓர் இடைப்பொருள் உருவாகிறது. அது செல்லின் புரதங்களிலும் டி.என்.ஏ.விலும் போய் ஒட்டுகிறது. குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் கையிருப்பில் இருக்கும்வரை உடல் சமாளிக்கும். அது தீர்ந்தால் கல்லீரல் செல்கள் மடியத் தொடங்கும். நாய் இந்த நச்சுக்கு மிக எளிதில் ஆட்படும் விலங்குகளில் ஒன்று. உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை ஒரே தடவையில் உள்ளே போனால் பாதிக்குப் பாதி நாய்கள் இறந்துவிடும். எலிக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

ஆலையில் வேகவைத்து அழுத்திப் பிழிந்துதானே உருண்டை செய்கிறார்கள், அந்தச் சூட்டில் போய்விடாதா என்று கேட்கலாம். பூஞ்சை செத்துவிடும். நச்சு போகாது. அஃப்ளாடாக்சின் சிதைய 230 டிகிரிக்கு மேல் வேண்டும். உணவு ஆலையின் இயந்திரம் அந்த வெப்பத்தைத் தொடுவதில்லை. நம் வீட்டு அடுப்பும் தொடாது. ஆக, பார்வைக்கும் மணத்துக்கும் ஒரு குறையும் இல்லாத உருண்டைக்குள், இறந்துபோன பூஞ்சை விட்டுச்சென்ற நச்சு அப்படியே இருக்கலாம்.

சோதித்துப் பார்த்து வாங்க மாட்டார்களா? சோதிக்கிறார்கள். ஆனால் இந்த நச்சு தானியக் குவியலில் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரே ஒரு மக்காச்சோள மணியில் கிலோவுக்கு 4 லட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவு வரை அளந்திருக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணியின் எடை 0.3 கிராம் என்று வைத்தால், அதற்குள் 120 மைக்ரோகிராம் நச்சு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. செல்லப்பிராணி உணவுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அந்த ஒரு மணி, ஆறு கிலோ நல்ல சோளத்தை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். ஆறு கிலோவில் சுமார் 20,000 மணிகள். அந்த ஒன்று மாதிரி எடுப்பவரின் கையில் வராமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. அதனால்தான் லாரியில் ஒரே இடத்தில் கைவிட்டு அள்ளிச் சோதிப்பதில் பொருளில்லை. பல இடங்களில், பல ஆழங்களில் குத்தி எடுத்து, மொத்தமாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து சோதனைக்கு எடுக்க வேண்டும். நேர்மையான ஆலையும் இதில் சோம்பினால் தவறிவிடும்.

அமெரிக்காவில் அப்படித் தவறியது. 2020 டிசம்பர் கடைசியில் மிட்வெஸ்டர்ன் பெட் ஃபுட்ஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்மிக்ஸ் நாய் உணவைத் திரும்பப் பெறத் தொடங்கியது. 2021 ஜனவரிக்குள் 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகவும் 210-க்கும் மேற்பட்டவை நோயுற்றதாகவும் எஃப்.டி.ஏ. அறிவித்தது. சோதித்த மாதிரிகளில் கிலோவுக்கு 558 மைக்ரோகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. நம் 20 கிலோ நாய் அதைத் தின்றிருந்தால் நாளுக்குச் சுமார் 195 மைக்ரோகிராம் உள்ளே போயிருக்கும். முதல் நாளில் ஒன்றும் தெரிந்திருக்காது. வாரங்கள் போகப் போகக் கல்லீரல் கரைந்திருக்கும். இரண்டு மாத மூட்டையின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய சம்பவம் நடந்திருக்கிறது. அதில் பாக்கெட் இல்லை, ஆலை இல்லை, கம்பெனி இல்லை.

1974-ஆம் ஆண்டின் பிற்பகுதி. ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் பழங்குடி மக்கள் மக்காச்சோள ரொட்டியை நம்பி வாழ்ந்தார்கள். தொடர் வறட்சி. பிறகு அறுவடைக்கு முன்னால் காலம் தவறிய மழை. நனைந்த கதிர்களைக் காயவைக்க வெயில் இல்லை, சேமிக்க நல்ல இடமில்லை. பூசணம் பிடித்த சோளத்தைத் தூக்கிப்போட அவர்களுக்கு வசதியும் இல்லை. 150-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஆட்களுக்குக் கண் மஞ்சளானது, வயிற்றில் நீர் கோத்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி, பட் முதலியோர் அங்கு சென்று ஆராய்ந்து 1975-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்திருந்தார்கள். சோளத்தில் கிலோவுக்கு 6,250 முதல் 15,600 மைக்ரோகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. மக்கள் நாளுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரை ஒரு மாத காலம் தின்றிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

அந்தக் கிராமங்களின் நாய்களுக்கும் அதே நோய் வந்தது. அதே மஞ்சள், அதே வயிற்று வீக்கம், சாவு. வைரஸ் காமாலை மனிதருக்கும் நாய்க்கும் ஒருசேரப் பரவுவது வழக்கமில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது வீட்டு ரொட்டி. நாய்களின் சாவு வெறும் பக்கச் செய்தியாக நின்றுவிடாமல், காரணம் உணவில் இருக்கிறது என்று கைகாட்டும் சான்றாக ஆனது. ஒரு வீட்டு நாயின் நோயை மருத்துவர்கள் எவ்வளவு மதிப்போடு பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை இந்தியாவில் இதைவிட வலுவான எடுத்துக்காட்டு இல்லை. நம் பள்ளிப் பாடநூல்களில் இதற்கு ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டும்.

பூஞ்சை இயற்கையாக வருவது. மனிதர் வேண்டுமென்றே கலந்த நச்சின் கதை வேறு.

உணவில் புரதம் எவ்வளவு என்று அளக்க டென்மார்க்கின் யோகான் கெல்டால் 1883-இல் ஒரு முறையைத் தந்தார். பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால் இந்தக் கணக்கு. மலிவானது, நம்பகமானது, இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. ஆனால் அது புரதத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் புரதம் என்றே எண்ணிக்கொள்ளும். தட்டு, மேசைப் பலகை செய்யப் பயன்படும் மெலமின் என்ற வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் 416 சதவீதப் புரதம் என்று விடை வரும். 100 கிலோ மாவில் ஒரு கிலோ மெலமின் கலந்தால், புரத அளவு நான்கு புள்ளிக்கு மேல் கூடியதாகச் சோதனைத்தாள் சொல்லும். மட்டமான சரக்கு உயர்ந்த சரக்காகிவிடும்.

2007 மார்ச் 16 அன்று வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் சுமார் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமினும், அதன் உறவுப் பொருளான சயனூரிக் அமிலமும் இருந்தன. இரண்டும் தனித்தனியே பெரிய நச்சுகள் அல்ல. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அவை சந்தித்தால் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு நீரில் கரையாத படிகமாகி, குழாயை அடைத்துவிடும். தங்கள் பிராணி இறந்துவிட்டதாக எஃப்.டி.ஏ.வுக்குச் செய்தி அனுப்பியவர்களின் கணக்கில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் இருந்தன.

இதற்கு மூன்றாண்டு முன்னால், 2004-இல், தாய்லாந்தில் தயாரான நாய் உணவைத் தின்று ஆசிய நாடுகள் பலவற்றில் நாய்கள் இதேபோல் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அப்போது பூஞ்சை நச்சுதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். 2007-க்குப் பிறகு, பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தப் பழைய நாய்களின் சிறுநீரகத் துண்டுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது அவற்றிலும் அதே படிகங்கள் இருந்தன. 2008-இல் சீனாவில் சான்லு முதலிய நிறுவனங்களின் பால்மாவில் மெலமின் கலந்தது வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அந்த செப்டம்பரில் இந்தியா சீனப் பால் பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. 2004-இன் நாய்களை உரிய அக்கறையோடு அன்றே ஆராய்ந்திருந்தால், இந்தக் கலப்படத்தின் சூட்சுமம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்குத் தெரிந்திருக்கும். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

இவ்வளவும் கேட்டபின், பாக்கெட்டே வேண்டாம், வீட்டுச் சாப்பாடே போடுவோம் என்று தோன்றும். அது பாதி சரி. பலவகை உணவு தருவது ஒரே மூட்டையின் ஆபத்தைக் குறைக்கும். ஆனால் நம் சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது, அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் வரும் சைலிட்டால் கல்லீரலையே பாதிக்கும். கறிக்கடையில் வாங்கும் கோழிக்கால், தலை போன்றவற்றை வேகவைக்காமல் போட்டால் சால்மொனெல்லா கிருமி நாய்க்கும், நாயின் தட்டைத் தொடும் குழந்தைக்கும் வரலாம். வெறும் சோறும் கறியும் மட்டும் தின்னும் நாய்க்குக் கால்சியம் போதாமல் போகும். கடைசியாக, பான்ஸ்வாடா நாய்கள் தின்றதும் வீட்டுச் சாப்பாடுதான்.

வீட்டுச் சாப்பாடு என்றதும் பாலைச் சொல்லாமல் விட முடியாது. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கோ மக்காச்சோளமோ தின்ற பசு, அந்த நச்சில் நூற்றுக்கு ஒன்று முதல் சில பங்கு வரை அஃப்ளாடாக்சின் எம்-1 என்ற வடிவில் பாலில் வெளியேற்றும். மறுநாள் கறவையிலேயே அது தெரியும். காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368-இல் இந்த நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. நாய் உணவு மூட்டையைச் சந்தேகத்தோடு பார்க்கும் வீட்டில், மாட்டுத் தொழுவத்தின் புண்ணாக்குச் சாக்கையும் திறந்து பார்க்க வேண்டும்.

சட்டம் மனித உணவையும் விலங்குத் தீவனத்தையும் வேறாகப் பார்க்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தில் உணவு என்பது மனிதருக்கானது. விலங்குத் தீவனம் அதில் சேராது. நாய், பூனை உணவுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 11968 என்ற தரநிலை இருக்கிறது. கறவை மாட்டுத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052. வாங்குபவர் பாக்கெட்டின் பின்புறம் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். 2007-இன் சாவுகளுக்குப் பிறகு அமெரிக்கா, செல்லப்பிராணி உணவுக்கு முன்னெச்சரிக்கை ஏற்பாடு வேண்டும் என்று அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. நாமும் அதைக் கேட்க வேண்டும். நாய் வளர்ப்பவர்களுக்காக மட்டும் அல்ல.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியவை இருக்கின்றன. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் குற்றாலச் சாரல் காற்று புளியங்குடி வரை ஈரத்தைக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் மழையே வரும். உலர் உணவில் ஈரம் நூற்றுக்குப் பத்தளவில் இருக்கும்வரை பூஞ்சை வளராது. திறந்து கிடந்தால் உருண்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடையில் வாய் திறந்து வைத்த மூட்டையிலிருந்து, "அண்ணாச்சி, ரெண்டு கிலோ போடுங்க" என்று நிறுத்து வாங்குவதில் இரண்டு குறைகள். அந்த மூட்டை எத்தனை நாளாகத் திறந்திருக்கிறது என்பது தெரியாது. தயாரிப்புத் தேதியும் தொகுதி எண்ணும் கையில் இருக்காது. சாரல் காலத்தில் சிறிய பாக்கெட்டாக வாங்குவது விலை கூடினாலும் நல்லது. வாங்கியதை அதன் பையோடே மூடியுள்ள வாளியில் வைத்து, தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். வாளியில் ஒட்டிய பழைய தூளைக் கழுவி, வாளியைக் காயவைக்காமல் புதியதை மேலே கொட்டக்கூடாது.

நாய் தின்ன மறுத்து, சோர்ந்து, வாந்தி எடுத்து, ஈறும் கண்ணும் மஞ்சளானால் உணவை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அங்கே அவசரப்பட்டு மூட்டையைக் குற்றவாளி ஆக்கிவிடவும் கூடாது. எலிக் காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் நம் பகுதி நாய்களுக்குச் சாதாரணமாக வருபவை; அவையும் இதே அடையாளங்களைக் காட்டும். ரத்தப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். உணவின் மீதே சந்தேகம் நின்றால், மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலுமாக எடுத்துக் கலந்த அரைக் கிலோவை, தேதியும் தொகுதி எண்ணும் எழுதி, குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். பையைத் தூக்கி எறிந்துவிட்டால் எல்லாம் போயிற்று. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தீவனத்தில் பூஞ்சை நச்சை அளக்கும் ஆய்வகம் நாமக்கல்லில் இயங்குகிறது. நாய் இறந்துவிட்டால், துக்கத்தோடு துக்கமாக, புதைக்கும் முன் உடற்கூறாய்வு கேட்கலாம். கல்லீரல் துண்டு ஒன்று சொல்லும் செய்தியை வேறெதுவும் சொல்லாது.

நிறுவனத்துக்கு எழுதுவது மறுநாள் வேலை. அன்றைக்கே செய்ய வேண்டியது, உணவு வாங்கிய கடைக்காரரிடம் போய்ச் சொல்வது. அதே மூட்டையிலிருந்து போன வாரம் யார் யார் வாங்கிப் போனார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.